குளியலறையில் வழுக்கி விழுந்தவர்கள்

அண்ணாச்சி,

இன்று அலுவலகம் முழுக்கப் பெயின்ட் வாசனை. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நம் சிறைக்குப் புதிதாக ஒரு புகார்ப் பெட்டி வந்திருக்கிறது. சிவப்பு நிறம், மேலே ஒரு துளை. ‘பாலியல் அத்துமீறல்களை அச்சமின்றித் தெரிவிக்கலாம்’ என்று மலையாளத்திலும் இங்கிலீஷிலும் வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். அதற்கு நேர் மேலே கேமரா. எதிரே சூப்ரண்டின் ஜன்னல். சாவி யாரிடம் என்று முதலில் கேட்பீர்கள். சூப்ரண்டிடம்தான்.

திறப்பு விழாவும் நடந்தது. மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து ரிப்பன் வெட்டினார். இன்னொருவர் திரையில் படம் போட்டு வகுப்பு எடுத்தார். பெரும்பகுதி நேரம், பெண் ஊழியர்களிடம் எப்படிப் பேச வேண்டும், எப்படிப் பேசக் கூடாது என்று. நல்ல விஷயம்தான், யார் வேண்டாம் என்றார்கள். கடைசியில் ‘ஆண் கைதிகள்’ என்று தலைப்பிட்ட ஒரு பக்கம் வந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “இது எல்லாவர்க்கும் அறியாமல்லோ” என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போனார். அடுத்த பக்கத்தில் ‘நன்றி’ என்று ஒரு ரோஜாப்பூ. எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். தெரிந்துகொண்டு இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்க ஆளில்லை. எல்லோர் வாயிலும் உள்ளிவடை.

விழாவுக்கு வைத்த ஃபிளெக்ஸ் பேனரின் ஓரத்தில் உங்கள் படமும் இருக்கிறது. ‘கருணையின் மாதிரி’ என்று கீழே ஒரு வரி. மீசையை யாரோ கம்ப்யூட்டரில் கறுப்பாக்கிவிட்டார்கள். அதற்கு மட்டும் நீங்கள் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். நரைத்த மீசைக்கு மை அடித்துவிட்டு, பிறப்பிலேயே கறுப்பு என்று சாதித்த ஆள்தானே. உங்களை இந்த இடத்தை விட்டுத் துரத்தியவர்களே உங்கள் படத்துக்குப் பூ வைத்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. தலைப்பை இழுத்து மூக்கை மூடிக்கொண்டேன். பெயின்டால் என்று பக்கத்து சீட்டுக்காரி நினைத்துக்கொண்டாள்.

கிழக்கேகோட்டை அக்ரஹாரத்திலிருந்து டிபன் பாக்ஸோடு பஸ் ஏறி வந்து சிறை அலுவலகத்தில் கிளார்க்காக உட்கார்ந்தவள் நான். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து சிறை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவர் நீங்கள். வயதில் மூத்தவராக இருந்தும் என்னை ‘மாமி’ என்றே கூப்பிட்டீர்கள். அதில் பாதி மரியாதை, பாதி கேலி. நமக்குள் பொதுவாக இருந்தது தமிழ் ஒன்றுதான். அந்தத் தமிழை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தை நினைத்தால், ஊமையாகப் பிறந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

நம் ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் படித்தவர்கள், இந்த நாட்டிலேயே வழுக்கலான இடம் நம் குளியலறைதான் என்று சத்தியம் செய்வார்கள். உதடு கிழிந்து வந்தவன், விலா முறிந்து வந்தவன், உட்கார முடியாமல் சுவரைப் பிடித்து நின்றவன், எல்லோருக்கும் ஒரே வாசகம்: ‘குளிமுறியில் வழுதி வீணு.’ குளியலறையில் வழுக்கி விழுந்தான், அவ்வளவுதான். வாரத்தில் இரண்டு நாள் வரும் டாக்டர் அதன் கீழே கையெழுத்துப் போடுவார். இதை எழுது என்று எந்த உத்தரவும் கிடையாது. முன்னால் இருந்தவர் எழுதினார், பின்னால் வந்தவரும் எழுதினார். நீங்களும் முதல் சில வருஷம் அதைத்தான் எழுதினீர்கள். இப்போது உங்களைக் கோபுரத்தில் தூக்கி வைக்கிறார்கள் என்பதற்காக அதை நான் மறைக்கப் போவதில்லை.

என் பங்கு வேறு. உள்ளே எப்போதும் சில தமிழர்கள் இருப்பார்கள். மலையாளம் தெரியாதவனுக்குப் புகார் இருந்தால், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் சொல்ல, இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் மலையாளத்தில் எழுத வேண்டும். எழுதியதில் அவன் கையெழுத்துப் போட்டால் சூப்ரண்டின் மேஜைக்குப் போகும். பதினான்கு வருஷம் அதைச் செய்தேன். நல்ல கையெழுத்து, சுத்தமான பாஷை என்று எனக்குப் பெயர்.

அந்த லாரி டிரைவர் வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கல் ஏற்றி வந்த பிழைப்பு. இருபத்தெட்டு வயது, ஊரில் மனைவி, ஒரு கைக்குழந்தை. கடை வாசலில் நடந்த அடிதடியில் பிடிபட்டு, ஜாமீனுக்குக் கரம் என்கிற நிலவரி கட்டிய ரசீதோடு நிற்க உள்ளூரில் ஒரு மனிதன் கிடைக்காததால் மட்டுமே உள்ளே கிடந்தான். தண்டனை பெற்றுப் பல வருஷம் ஆன ஒரு கைதிதான் அவன் பிளாக்குக்கு மேஸ்திரி. யாருக்கு எங்கே பாய், யாருக்கு முதலில் தண்ணீர் என்று முடிவு செய்வது அவன். வார்டன்களின் வேலையை அவன் பார்த்துக்கொண்டான். பதிலுக்கு அவன் செய்வதை அவர்கள் பார்க்கவில்லை. வேலியே பயிரை மேய்வது என்பார்கள். இங்கே வேலி தூங்கப் போய், மேய்கிற மாட்டையே காவலுக்கு வைத்திருந்தது.

லாரி டிரைவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகச் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. “அக்கா, மேஸ்திரி மூணு நாளா என்னைய…” என்று தொடங்கி, நடந்ததை அதற்குரிய பச்சைச் சொல்லிலேயே சொன்னான். நான் பதறிப் போய்க் கையைக் காட்டினேன்.

“இரு, இரு. புரிஞ்சுடுத்து.”

புரிந்துவிட்டது என்று அவன் வாயை மூடினேன். பிறகு என் சுத்தமான பாஷையில் எழுதினேன்: சக கைதி ஒருவரால் எனக்குத் தொடர்ந்து ‘சல்யம்’ ஏற்படுகிறது, தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். சல்யம் என்றால் தொந்தரவு. கொசுவும் சல்யம்தான், பக்கத்து வீட்டு ரேடியோவும் சல்யம்தான். அவன் கையெழுத்துப் போட்டான். நான் மோர் சாதம் சாப்பிடப் போனேன்.

சூப்ரண்ட் அதை எப்படித் தீர்த்தார் என்பதை ஊரே சிரிக்கச் சொல்லலாம், சிரிக்கிற விஷயமாக இருந்தால். இரண்டு பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். தொந்தரவுக்கு என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, ஒத்துதீர்ப்பு, அதாவது சமரசம். மேஸ்திரியிடம், “இனி சல்யம் செய்யருது, கேட்டோ” என்றார், இனித் தொந்தரவு செய்யாதே என்று. இவனிடம், “நீயும் குறச்சு அட்ஜஸ்ட் செய்யணும்” என்றார், கொஞ்சம் அனுசரித்துப் போக வேண்டுமாம். இரண்டு பேரும் கை குலுக்கினார்கள், ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். புகார் தீர்ந்தது. இருவரையும் அதே பிளாக்குக்கு அனுப்பினார்கள். புகார் சொன்னவன் இவன் என்று அதுவரை தெரியாமல் இருந்த மேஸ்திரிக்கு அன்றைக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை நீங்கள் என் மேஜைக்கு வந்தீர்கள். கையில் நான் எழுதிய தாளின் நகல். முகத்தில் வழக்கமான கேலி இல்லை.

“மாமி, இத நீங்களா எழுதினீங்க?”

“ஆமா, ஏன்?”

“அந்தப் பய உங்ககிட்ட என்ன சொன்னான்?”

நான் குரலைத் தாழ்த்தினேன். “அதையெல்லாம் எழுத முடியுமோ அண்ணாச்சி? பத்துப் பேர் கை மாறற பேப்பர். நானும் ஒரு பொம்மனாட்டி.”

“கொள்ளாம், ரொம்ப நல்லாருக்கு. அவனுக்கு நடந்திருக்கு, கூச்சம் ஒங்களுக்கு. அங்க ரத்தத்தோட படுத்துக் கெடக்கான், பாக்க வாறீங்களா?”

நான் போகவில்லை. நீங்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய், வழக்கமான வாசகத்தை எழுத வேண்டிய கட்டத்தில், கண்டதைக் கண்டபடி எழுதினீர்கள். எங்கே காயம், எப்படிப்பட்ட காயம், அவன் யார் பெயரைச் சொன்னான், எல்லாம். அன்று டாக்டர் வரும் நாள். எழுதியதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடியும் படித்தார். நீங்கள் பேனாவை நீட்டிக்கொண்டே நின்றீர்களாம். கையெழுத்துப் போடும்வரை நகரவில்லை என்று அட்டெண்டர் வந்து சொன்னான்.

சூப்ரண்ட் உங்களைக் கூப்பிட்டது மத்தியானம். கதவு திறந்திருந்தது, அலுவலகமே கேட்டது. ஒரு வரிதானே, மாற்றி எழுதினால் என்ன, வழுக்கி விழுந்தான் என்று போட்டால் அவனுக்கும் மானம், நமக்கும் நிம்மதி என்றார். நீங்கள் மலையாளத்தில்தான் பதில் சொன்னீர்கள். எனக்கு அது உங்கள் ஊர்த் தமிழிலேயே காதில் நிற்கிறது: “சார், வழுக்கி விழுந்தா இந்த எடத்துல காயம் வராது. சந்தேகம்னா நீங்க ஒரு தடவ விழுந்து காட்டுங்க, பாத்து எழுதுகேன்.” முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தே பழகிய வீட்டில், இலையைத் தூக்கிக் காட்டிவிட்டீர்கள்.

ஆனால் பதிவேடு பீரோவுக்குள் இருக்கிற புஸ்தகம். அதை யார் படிக்கப் போகிறார்கள்? மறுநாள் மாலை அவனை டிஸ்சார்ஜ் செய்து பழைய பிளாக்குக்கே அனுப்ப உத்தரவு வந்துவிட்டது. அதே மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவனுடைய ரிமாண்டு நீட்டிப்பு, வீடியோவில். அந்தக் கூத்தை நீங்களும் நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். திரையில் மாஜிஸ்ட்ரேட் தெரிவார். “எந்தெங்கிலும் பராதி உண்டோ?” என்று கேட்பார், புகார் ஏதும் உண்டா என்று. பக்கத்தில் நிற்கும் ஜெயில் ஆபீசர், “இல்ல, மேடம்” என்பார். அடுத்த கைதி. மலையாளம் தெரியாதவனுக்குத் தன்னிடம் கேள்வி கேட்டதே தெரியாது.

நோயாளி என்பதால் அவனோடு நீங்கள் போகலாம். மொழி தெரியாதவன் என்பதால் அவனுக்கு மொழிபெயர்க்க ஆள் வைக்கலாம். விதியில் இருக்கிறது, யாரும் வைத்ததில்லை. பத்தரை மணிக்கு நீங்கள் வந்து என் நாற்காலியின் பின்னால் நின்றீர்கள்.

“மாமி, எழும்புங்க. அன்னைக்கு எழுதாதத இன்னைக்குச் சொல்லணும்.”

“என்னால முடியாது அண்ணாச்சி. அத்தனை ஆம்பளைகள் நிக்கற ரூம்.”

“அப்ப சாயங்காலம் நீங்களே அவனக் கையப் பிடிச்சு மேஸ்திரிகிட்ட கொண்டு விட்டுருங்க. நான் மாட்டேன்.”

கோபத்தில் உங்கள்மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் எழுந்து வந்தேன். வராந்தாவில் அவனை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நீங்கள் அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தீர்கள்.

“மக்கா, நீ சொல்லுன்னு சொன்னாத்தான் சொல்லுவோம். வேண்டாம்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். பிறகு ஊருலயும் தெரியலாம், பாத்துக்க.”

அவன் என்னைப் பார்த்தான், உங்களைப் பார்க்கவில்லை. “சொல்லுங்கக்கா. இன்னைக்கு ராத்திரி அங்க போனா நான் உசுரோட இருக்க மாட்டேன்.”

மாஜிஸ்ட்ரேட் சின்ன வயதுப் பெண். கேள்வியைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்து கையெழுத்துப் போடத் தொடங்கிவிட்டார். ஆபீசர் “இல்ல” என்று வாயெடுப்பதற்குள் நீங்கள், “மேடம், இவருக்கு மலையாளம் அறியில்லா, பரிபாஷக வந்நிட்டுண்டு” என்றீர்கள், மொழிபெயர்ப்பவள் வந்திருக்கிறாள் என்று. அந்தப் பெண் தலையை நிமிர்த்தினார். நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். அவன் பதில் சொன்னான், அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்ன அதே சொற்கள். நான் அவற்றுக்குச் சுத்தமான ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆபீசர் முந்திக்கொண்டு, அது ஒரு சின்ன அடிபிடி மேடம், தீர்த்துவைத்தாயிற்று என்றார்.

மாஜிஸ்ட்ரேட் என்னைக் கேட்டார்: “அயாள் எந்தாணு பறஞ்ஞது?” அவன் என்ன சொன்னான் என்று.

அடிபிடி இல்லை என்றேன். பிறகு, என் ஐம்பத்துநாலு வயதில் முதல் தடவையாக, அந்தச் சொல்லை வாயால் சொன்னேன். பலாத்காரம். மலையாளத்தில் அது இன்னும் கடினமாக ஒலிக்கிற சொல். யார், எங்கே, எத்தனை நாள் என்று சொன்னேன். முன்பே புகார் கொடுத்தான், அதை மழுப்பி எழுதியது நான் என்றும் சொன்னேன். இடி விழவில்லை. கூரை அப்படியேதான் இருந்தது. பக்கத்தில் நின்ற வார்டன் மட்டும், நான் ஏதோ அசிங்கம் செய்துவிட்ட மாதிரி ஒரு அடி தள்ளி நின்றான்.

அன்றே அவனை மெடிக்கல் காலேஜுக்குப் பரிசோதனைக்கு அனுப்பவும், வேறு இடத்தில் வைக்கவும் உத்தரவானது. மேஸ்திரியை வேறு சிறைக்கு மாற்றினார்கள். அங்கேயும் மேஸ்திரி ஆக்கியிருப்பார்கள். வாக்குமூலம் வாங்க வந்த போலீஸ்காரர் பேனாவைக் கடித்துக்கொண்டு, “ஆணுங்ஙள்க்கு இப்போள் வகுப்பில்லல்லோ” என்றார். ஆணுக்கு நடந்தால் போடுவதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லையாம். பொய்யில்லை. பழைய சட்டத்தில் இருந்த பிரிவைப் புதிய சட்டத்தில் விட்டுவிட்டார்கள். மனமொத்து இருந்த ஆண்களையும் ஒரு காலத்தில் அது வதைத்தது, அதற்காகப் போனது நல்லதுதான். ஆனால் மனமில்லாமல் அழுத்தப்பட்டவனுக்கு என்று ஒரு வரி எழுத அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் காயப்படுத்தியதாகத்தான் கேஸ் போட்டார்கள். என்னைப்போல நல்ல பாஷைக்காரர்கள் டில்லியிலும் இருக்கிறார்கள் போல.

டிரைவருக்கு உங்கள் வீட்டுக் கர ரசீதைக் கொடுத்து ஜாமீன் நின்றீர்கள். ஊருக்குப் போனவன் கேஸுக்கு மட்டும் வந்துபோகிறான். நம்மைப் பார்க்க வருவதில்லை. வர வேண்டாம்.

உங்களுக்கு வந்தது ஒரு மெமோ. பதிவேட்டில் நாகரிகமற்ற சொற்களைப் பயன்படுத்தியதற்கு விளக்கம் தருக. அதை டைப் அடித்தவள் நான். அடிக்க மாட்டேன் என்று எழுந்து போயிருக்கலாம். அடித்தேன், ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல். நீங்கள் கொடுத்த பதில் ஒரே வரி: ‘மேற்படி காரியத்துக்கு நாகரிகமான சொல் அலுவலகத்தில் இருப்பில் இருந்தால் தெரிவிக்கவும், இனி அதையே எழுதுகிறேன்.’ அதற்கு அவர்கள் பதில் தரவில்லை. மாற்றல் உத்தரவுதான் தந்தார்கள். மலையடிவாரத்துச் சின்ன ஜெயில், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே போன ஏழாம் மாதம், பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம், எழுந்திருக்கவில்லையாம். என்னை ஒன்றும் செய்யவில்லை. தமிழ் தெரிந்த வேறு ஆள் அவர்களிடம் இல்லை.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்விட்டு வந்தபின் பழைய கோப்புகளை எடுத்தேன். பதினான்கு வருஷத்தில் நான் எழுதிய தமிழர் மனுக்களின் நகல்கள். சோற்றில் புழு என்று சொன்னவனுக்குப் புழு என்றே எழுதியிருக்கிறேன். அடித்தார்கள் என்றவனுக்கு அடித்தார்கள் என்றே. ‘சல்யம்’ என்று எழுதிய இடமெல்லாம் நான் கையைக் காட்டிப் பேச்சை நிறுத்திய இடம். ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது. அத்தனை பேருக்கும் ஒத்துதீர்ப்பு, அத்தனை பேரும் அதே பிளாக்குக்குத் திரும்பியவர்கள்.

பலர் விடுதலையாகிப் போன இடம் தெரியவில்லை. ஒருவர் மட்டும் கல்லாறில் சாயாக்கடை வைத்திருப்பதாக ஒரு வார்டன் சொன்னான். செங்கோட்டைக்காரர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் எழுதிய மனு. போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். பொன்முடி மலைக்குச் சுற்றுலா போகிற கூட்டம் கடை வாசலில் நின்றது. அவர் மனைவி உள்ளே வடை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்தார். காசு வேண்டாம் என்று சாயா கொடுத்தார்.

நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். “உங்க மனுவை நான் தப்பா எழுதிட்டேன். நீங்க சொன்னதை எழுதலை.”

“தெரியும்மா.”

“எப்படித் தெரியும்?”

“எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும். பேசத்தான் அப்ப வராது. படிச்சுட்டுத்தான் ஒப்பு போட்டேன்.”

“அப்பவே இது இல்லைன்னு சொல்லியிருக்கலாமே.”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். “ஆபீஸ் ஆளுங்கள்ல எங்கிட்ட தமிழ்ல பேசுன ஆளு நீங்க ஒருத்தர்தான். நீங்களே எழுதக் கூசுனா, அது வெளிய சொல்லப்படாத காரியம்போலன்னு நெனச்சுக்கிட்டேன். பொறவு யார்கிட்டயும் சொல்லல.”

என் குரல் உயர்ந்துவிட்டது. அதில் உங்களுக்கு என்ன கூச்சம், கூச வேண்டியவர்கள் நாங்கள், வாயைத் திறந்து சொல்லலாம், இப்போதும் சொல்லலாம் என்று என்னென்னவோ பேசினேன். நீங்கள் என் நாற்காலியின் பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது அண்ணாச்சி. அவர் அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, என்னைக் கும்பிடுகிற மாதிரி கையைத் தூக்கினார்.

“மெதுவாப் பேசுங்கம்மா. அவளுக்குத் தெரியாது.”

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். இந்த ஊர் உங்கள் படத்துக்குப் பூ வைத்துவிட்டு வடை தின்னட்டும். இதைச் சுமப்பவள் நான். பதினோரு வருஷமாக, இப்போது அந்த வீட்டிலும், அவர் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பது என்னிடம் கற்றுக்கொண்ட குரலில்.